பங்கேற்பாளர் எண் பதினேழு

முனைவர் திருமலைக்கொழுந்து நாற்பத்திரண்டு ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியவர். நாற்பத்திரண்டிலும் அவர் வரிவிடாமல் படித்தது ஒரே ஒரு பக்கம், நன்றியுரை. தம் பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழிகள் நிற்கின்றன என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஐந்துக்குக் குறைந்தால், 'இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது' என்ற குறிப்போடு ஆய்வேடு திரும்பி வரும். மற்ற பக்கங்களைப் பொறுத்தவரை, அவர் கையெழுத்திட வேண்டிய இடங்களில் மாணவர்கள் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைக்க வேண்டும். குறியைக் கண்டால் பேனா தானாக இறங்கும். கண் இறங்காது.

ஹில்டா மச்சாது அவரிடம் ஏழு வருடம் குறி போட்டவள்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை காலை, வேம்பாருக்குத் தெற்கே அவள் வேலை பார்த்த இறால் குஞ்சுப் பொரிப்பகத்தின் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்று, அதிலிருந்து பொன்னிறமாக ஒரு மனிதர் இறங்கியபோது, அவள் முதலில் மேஜை இழுப்பறையைத் திறந்து பென்சில் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இருந்தது. சீவியே இருந்தது.

பொன்னிறம் என்றது வருணனைக்காக அல்ல. எழுபத்தொரு வயதில் திருமலைக்கொழுந்து நாற்பத்தைந்து வயதுக்காரரைப் போல, பழுத்த பங்கனபள்ளி மாம்பழத்தின் நிறத்தில் இருந்தார். பொற்கடல் டானிக் குடிப்பவர்கள் எல்லாருமே அந்த நிறம்தான். மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சு ஒன்றில் குடியிருக்கும் பாக்டீரியா சுரக்கிற மஞ்சள் சாயம் அது. உடலை உள்ளுக்குள் துருவேற்றுகிற ஆக்சிஜனை வழியிலேயே மடக்கிப் போடுகிற சரக்கு. தினம் ஒரு மூடி குடித்தால் முடி நரைக்காது, தோல் சுருங்காது; நரைத்ததும் கறுக்கும், சுருங்கியதும் இறுகும். சந்தைக்கு வந்த எட்டு வருடத்தில் மணமகள் தேவை விளம்பரங்களில் 'பொற்கடல் நிறம்' என்று ஒரு தகுதியே சேர்ந்துவிட்டது. வாங்க வசதியில்லாதவர்கள் கேரட்டை அரைத்துக் குடித்துவிட்டு வெயிலில் நின்றார்கள். ஊர் ஊராக, முப்பத்தெட்டு வயது முகத்தோடு ஆட்கள் செத்துப்போனார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. டாக்டர்கள் ஆதார் அட்டையைப் பார்த்து 'வயது மூப்பு' என்று எழுதிக்கொடுத்தார்கள். டாக்டர்களும் மஞ்சளாகத்தான் இருந்தார்கள்.

"சார், காலை முக்கிட்டு வாங்க" என்றாள் ஹில்டா.

வாசலில் இளஞ்சிவப்பு மருந்துத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. வெளியிலிருந்து கிருமி வந்தால் தொட்டி தொட்டியாக இறால் குஞ்சு செத்துவிடும். அதனால் யாராக இருந்தாலும் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

"நானுமா?"

"கலெக்டர் வந்தப்பமும் முக்குனாவ சார்."

கடல்நுண்ணுயிர்ச் செம்மல் வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியில் நின்றார். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் காவல்காரரின் மனைவி சுடலைவடிவு துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவள் தலை உப்பளம்போல் வெளுத்திருந்தது. வயது நாற்பத்தொன்று.

ஹில்டாவின் அறையில் ஒரு நுண்ணோக்கி, ஒரு குளிர்ப்பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எந்த நாற்காலி தலைமை நாற்காலி என்று தெரியாமல் திருமலைக்கொழுந்து சற்றுத் தயங்கி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"காலச்சக்கரம்தான் எத்துணை விரைவாகச் சுழல்கிறது, ஹில்டா! என் ஆய்வுத் தோட்டத்திலே பூத்த மலர்களிலே, தனித்துவமான மணம் வீசிய ஒரு மலர்..."

"என்ன விஷயம் சார்?"

அவர் கதவைப் பார்த்தார். மூடியிருந்தது. சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றினார். மேடைத் தமிழும் அதோடு கழன்று விழுந்தது.

"இங்கன பாரும்மா."

இடது மார்பில், கொட்டைப்பாக்கு அளவில், ஓரம் கறுத்த ஒரு குழி. சீழ் இல்லை. சிவப்பு இல்லை. மாம்பழத்தில் வண்டு துளைத்த மாதிரி இருந்தது.

"எப்பமிருந்து?"

"மூணு வாரம். கோவில்பட்டியில ஒரு பாராட்டு விழா. வரவேற்புக் குழுவுல ஒருத்தன் பேட்ஜைக் குத்தும்போது ஊசி உள்ள எறங்கிட்டு. சின்ன ஊசிம்மா. வலிக்கவே இல்ல. இன்னும் வலிக்கல."

"காய்ச்சல்?"

"ஒண்ணும் கெடையாது. மூணு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். வலி இல்ல, காய்ச்சல் இல்ல, பெறகு என்ன சார் கவலைங்கானுவ." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு... ஒன் தம்பி ஞாபகம் வந்துட்டு."

பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து 'ஒன் தம்பி' என்ற சொல் வருவது இதுதான் முதல் தடவை.

ரோமால்ட் சங்கு குளிக்கிறவன். பஞ்சைக் கடலடியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். பொற்கடலை முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இருபது பேர் வேண்டும் என்றபோது பதினாறு பேர்தான் சேர்ந்தார்கள். "ஆள் சேரட்டும், பிறகு உன் ஆய்வேட்டில் கையெழுத்தைப் பார்ப்போம்" என்றார் திருமலைக்கொழுந்து. ஹில்டா வீட்டில் வந்து சொன்னாள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ரோமால்ட் சிரித்தான்.

"யக்கா, குடிச்சா நான் கெழவனாவே மாட்டேனா?"

"மாட்டன்னுதான் சொல்லுதாவ."

"அப்பம் பொண்ணு கெட்டிட்டுக் குடிக்கட்டா, குடிச்சிட்டுக் கெட்டட்டா? அவ மட்டும் கெழவியானா என்னை வெளக்குமாத்தால அடிப்பாளே."

குடித்துவிட்டுப் பெண் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. நாலாவது மாதம் காலில் கெளுத்தி மீன் முள் குத்தியது. வலிக்கவில்லை என்றான். வீங்கவுமில்லை. எட்டு நாள் கடலுக்குப் போனான். ஒன்பதாவது நாள் வள்ளத்திலேயே சரிந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தமெல்லாம் கிருமி.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் திருமலைக்கொழுந்து அவளை அறைக்கு அழைத்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். 'பங்கேற்பாளர் எண் 17 தனிப்பட்ட காரணங்களால் ஆய்விலிருந்து விலகினார்.' அவள் விரல் நின்றது. "கண்ணீரால் அறிவியலை எழுத முடியாது, ஹில்டா" என்றார் அவர். அவள் அடித்தாள். கீழே அவருடைய பெயர், அவர் மருமகன் நெல்லைநாயகத்தின் பெயர், மூன்றாவதாக அவள் பெயர். மருமகன் அதற்குள் பொற்கடலை விற்கக் கம்பெனி பதிவு செய்திருந்தான்.

பட்டம் வந்தது. பிறகு ஹில்டா, தம்பி செத்தது பொற்கடலால்தான் என்று இருபத்துமூன்று அலுவலகங்களுக்கு எழுதினாள். எல்லாவற்றிலிருந்தும் ஒரே பதில்: அறிக்கையில் 'விலகினார்' என்றிருக்கிறது, அதில் தங்கள் பெயரும் இருக்கிறது, தலைமை ஆய்வாளரே மறுத்தாலொழிய மறுபரிசீலனைக்கு இடமில்லை. தலைமை ஆய்வாளர் என்பவர் இப்போது சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு அவள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இது எதனாலம்மா?" என்று கேட்டார், பாடம் கேட்கும் பையனைப் போல.

"சார், ஒடம்புக்குள்ள கிருமி வந்தா வெள்ளணு அதை எப்படிக் கொல்லுது?"

"ஆக்சிஜனை வெச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அதை வெச்சுத்தான் சுட்டுப் பொசுக்குது. அந்தச் சூடுதான் காய்ச்சல், வீக்கம், சீழ் எல்லாம். நீங்க வீட்டுல தீயே பிடிக்கக்கூடாதுன்னு பாட்டில் பாட்டிலா ஊத்துனீய. அடுப்பும் சேந்து அணைஞ்சிட்டு. இப்பம் உள்ள வந்தவனை வெரட்ட ஆளில்ல."

"அப்பம் பஞ்சு மட்டும் எப்படி உசுரோட இருக்கு? அதுக்குள்ளயும் இதே சாயம்தானே?"

"பஞ்சை எளமையா வெச்சுக்கவா அந்த பாக்டீரியா சாயம் சுரக்குது? பஞ்சோட காவலை அணைச்சுப்போட்டு உள்ள குடியேறத்தான் சார். வாடகைக்கு வந்தவன் மொதல்ல வீட்டுக்காரனுக்கு மயக்க மருந்து குடுக்கான், அம்புட்டுதான். பஞ்சுக்குள்ள இன்னொரு பாக்டீரியா இருக்கு. அது இந்தச் சாயத்தைத் தின்னுது. அதனால பஞ்சு பொழைச்சுக் கெடக்கு."

"இதெல்லாம் நீ அப்பமே சொல்லியிருக்கலாமே!"

"ஆறாம் அத்தியாயம் சார். நாப்பது பக்கம். அஞ்சு அத்தியாயம் போதும், ஆறு இருந்தா தேர்வாளர் கேள்வி கேப்பாருன்னு நீங்கதான் பிரிச்சு எடுத்தீய. நூலகப் பிரதியிலயும்."

திருமலைக்கொழுந்து கூரையைப் பார்த்தார். அந்த அத்தியாயத்தின் உள்ளடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ள முயல்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். படித்திருந்தால்தானே நினைவு வரும்.

"மருந்து இருக்கா, ஹில்டா?"

"இருக்கு."

குளிர்ப்பெட்டியைத் திறந்து விரல் நீளக் குப்பி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாயம் தின்னும் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஆறுமுகநேரி டாக்டரம்மா ஒருவரோடு சேர்ந்து, முறைப்படி அனுமதி வாங்கி, அவள் நடத்திவந்த சின்ன ஆய்வு அது. இதுவரை குடித்த ஒரே ஆள் வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

அவர் குப்பியை எடுக்கக் கை நீட்டினார். ஹில்டா அதற்கு முன் ஒரு தாள் கத்தையை நகர்த்தி வைத்தாள்.

"ஒப்புதல் படிவம் சார். ஆறு பக்கம். வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்."

முதல் பக்கத்தில் பங்கேற்பாளர் பெயர் அச்சாகியிருந்தது. என்றாவது ஒருநாள் வந்தே தீருவார் என்று அவள் எப்போதோ அடித்து இழுப்பறையில் வைத்திருந்த படிவம். 'கடல்நுண்ணுயிர்ச் செம்மல், ஆய்வுச் சுடர், அறிவியல் ஞாயிறு, நெல்லைத் தவப்புதல்வர், முனைவர் திருமலைக்கொழுந்து.' இரண்டு வரி பிடித்திருந்தது. அவர் விரல் அடைமொழிகளைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. ஐந்து. முகம் தெளிந்தது.

"வெள்ளிக்கிழமைக்குப் பெறகு 'கடல்வேந்தர்'னும் சேத்துக்கணும்" என்றார். "அமைச்சர் கையால குடுக்காவ. ஆறாயிரம் பேர் வாராவ."

"மூணாம் பக்கத்தை மட்டுமாவது வாசிங்க சார்."

மூன்றாம் பக்கத்தில் தமிழில், பெரிய எழுத்தில், சுற்றிவளைக்காமல் எழுதியிருந்தது: முந்தைய ஆய்வின் பங்கேற்பாளர் எண் 17, ரோமால்ட் மச்சாது, பொற்கடலின் விளைவாக இறந்தார். அதை 'விலகினார்' என்று எழுதச் சொன்னவன் தலைமை ஆய்வாளராகிய நான். இதை அறிந்தே இந்த ஆய்வில் சேர்கிறேன். கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"நீ எழுதுனதை நான் என்னைக்கும்மா வாசிச்சிருக்கேன்?" என்று வாஞ்சையோடு சிரித்தார் திருமலைக்கொழுந்து. ஒரு மாணவிமேல் ஒரு ஆசிரியர் வைக்கக்கூடிய உச்சபட்ச நம்பிக்கை அது என்பது அவர் எண்ணம். பேனா இறங்கியது. ஆறு பக்கம், ஆறு குறி, ஆறு கையெழுத்து.

ஹில்டா தாள்களை அடுக்கிக் கிளிப் போட்டாள். இதோடு முடித்துக்கொண்டு, "குடிங்க சார்" என்று குப்பியைத் திறந்து கொடுத்திருக்கலாம். அவர் குடித்திருப்பார். பிழைத்திருப்பார். கையெழுத்து அவளிடம் இருந்தது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன் அதன் விளைவுகளை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். ரோமால்ட்டுக்கு யாரும் சொல்லாதது. ஹில்டா அந்த விதியை அன்று மிக மிக நுணுக்கமாகக் கடைப்பிடித்தாள்.

"சார், இதைக் குடிச்சா சாயம் மொத்தமும் எறங்கிரும்."

"எறங்கட்டும்."

"பொன்னிறம் ரெண்டு நாள்ல போயிரும். வீடு வெள்ளையடிச்ச மாதிரி ஆயிரும். எட்டு வருசமா நிப்பாட்டி வெச்ச வயசு பூரா வட்டியோட ஒண்ணா வரும். முடி வெளுக்கும். தோல் தொங்கும். கன்னம் உள்ள போகும். சுடலைவடிவு, இங்கன வா!"

சுடலைவடிவு துடைப்பத்தோடு உள்ளே வந்தாள்.

"இவ ஒரு வருசம்தான் குடிச்சா. சின்னம்மா மக கல்யாணத்துக்கு நெறமா நிக்கணும்னு. கால் விரல்ல புண்ணு ஆறாம கெடந்துது. மருந்து குடுத்தேன். பத்து நாள்ல புண்ணு ஆறிட்டு."

"தலையைப் பாருங்க அய்யா" என்றாள் சுடலைவடிவு, குனிந்து காட்டி. "எம் புருசன் என்னை அத்தேன்னு கூப்பிடுதான். ஆனா இந்தா, கோழி வெரட்டிட்டுத் திரியுதேன். உசுரு கெடக்குல்லா!"

திருமலைக்கொழுந்து அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவள் தலையல்ல, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேடையில் தெரியப்போகும் தம் தலை என்பதுபோல.

"வெள்ளிக்கிழமை ராத்திரி குடிச்சா போதாதா?"

"புதன்கிழமை சாயங்காலம்தான் கடைசி சார். அதுக்கு மேல கிருமி நெஞ்சுக்குள்ள எறங்கிட்டுன்னா இதைக் குடிச்சும் பிரயோசனம் கெடையாது."

"அது உன் கணக்கு" என்றார் அவர். மேடைத் தமிழ் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. "அறிவியலில் எப்போதுமே ஓரிரு நாள் முன்பின் இருக்கும், ஹில்டா. வலியே இல்லையே! வலியில்லாத நோயைக் கண்டு அஞ்சுவது பாமரத்தனம்." பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். குப்பியைச் சட்டைப் பையில், சரியாக அந்தக் குழிக்கு மேலே, பத்திரப்படுத்தினார். போகும்போது தொட்டியில் மறுபடி காலை முக்கினார். வெளியே போகிறவர்கள் முக்க வேண்டியதில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"குடிப்பாராக்கா?" என்று கேட்டாள் சுடலைவடிவு.

"மாட்டாரு."

"தெரிஞ்சேதான் சொன்னீயளா?"

"உள்ளதைச் சொன்னேன், வடிவு. ஒண்ணுகூட மறைக்கல."

சுடலைவடிவு அவளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பெருக்கப் போனாள்.

புதன்கிழமை மதியம் ஹில்டா அவருக்குச் செய்தி அனுப்பினாள்: 'சார், இன்று மாலைக்குள் குடித்துவிடுங்கள்.' பதிலுக்கு இரண்டு கூப்பிய கைகள் வந்தன. அதைத் தொடர்ந்து விழா அழைப்பிதழ் வந்தது, பதினாறு பக்கம். அவள் மாலைவரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். கூப்பிட்டு, 'முடியெல்லாம் வெளுக்காது சார், சும்மா சொன்னேன்' என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஒரு முறை எண்ணை அழுத்தவும் செய்தாள். மணி அடிக்கும் முன் துண்டித்தாள். அவள் வாழ்க்கையில் அவருக்காக ஏற்கெனவே ஒரு பொய் அடித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விழாவை உள்ளூர் கேபிளில் நேரலையாகக் காட்டினார்கள். முப்பத்தொரு பொன்னாடை. பொன்னாடை எது, ஆள் எது என்று தெரியாத அளவுக்கு அவர் மின்னினார். அமைச்சரும் மஞ்சள், துணைவேந்தரும் மஞ்சள். வரவேற்புக் குழுத் தலைவர் தாம்பாளத்தில் வைத்த பெரிய சிவப்பு ரோஜா பேட்ஜை எடுத்து அவருடைய இடது மார்பில் குத்தினார். திருமலைக்கொழுந்து அசையவில்லை. வலிக்கவில்லை போலிருக்கிறது. ஏற்புரையில், "என்னை நானே ஆய்வுக்கு ஒப்படைத்தவன் நான்!" என்று முழங்கினார். ஆறாயிரம் பேரும் கைதட்டினார்கள். அது எவ்வளவு உண்மை என்று அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நன்றியறிவிப்புப் போஸ்டருக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். காய்ச்சல் இல்லை. மறுநாள் முடிந்துவிட்டது. குப்பி அவருடைய சட்டைப் பையில் மூடி திறக்காமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நெல்லைநாயகம் கூப்பிட்டான்.

"மேடம், கம்பெனி சார்பா ஒரு அறிக்கை விடுதோம். மாமா மூப்பின் காரணமா இயற்கை எய்தினாருன்னு. நீங்க பழைய மாணவி, பத்திரிகைக்காரன் யாராவது கேட்டா..."

"மாமா கையெழுத்துப் போட்ட ஆறு பக்கமும் நேத்தே போயிட்டு தம்பி. இருபத்துமூணு அலுவலகத்துக்கும். தலைமை ஆய்வாளரே மறுத்தாலொழியன்னு கேட்டுருந்தாவல்லா, மறுத்துட்டாரு."

மறுமுனையில், இப்போது வேறொரு குரலில், "யக்கா" என்றான் நெல்லைநாயகம். "எனக்கு வாய்க்குள்ள ஒரு புண்ணு ரெண்டு வாரமா ஆறல. வலி ஒண்ணும் இல்ல..."

"வாங்க. மருந்து இருக்கு, படிவமும் இருக்கு" என்றாள் ஹில்டா. "உங்களை நான் வாசிக்க வெச்சுத்தான் விடுவேன்."

போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். அவளுடைய ஆய்வின் அட்டவணை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. முதல் வரிசையே பதினேழு: ரோமால்ட் மச்சாது, சங்கு குளிப்பவர், வயது 31, இறந்தார். பதினெட்டு: சுடலைவடிவு, குணமானார். பத்தொன்பது: முனைவர் திருமலைக்கொழுந்து. அதற்கு எதிரே முடிவுக் கட்டம் காலியாக இருந்தது.

ஹில்டா விசைப்பலகையில் கைவைத்தாள். பத்து வருடத்துக்கு முன் தயங்கி நின்ற அதே விரல் இப்போது நிற்கவில்லை.

'பங்கேற்பாளர் எண் 19 தனிப்பட்ட காரணங்களால் மருந்தை எடுத்துக்கொள்ளவில்லை.'

ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். எங்கேயும் திருத்த வேண்டியிருக்கவில்லை.